ஏரி போனபின் மதகு
(தருமபுரியில் பொதுமக்களிடையே ஓர் அறுவை மருத்துவர் ஆற்றிய உரை)

அம்மாமார்களே, ஐயாமார்களே, வணக்கம்.

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் "கட்டி முழுசா போச்சா சார்?" என்றுதான் கேட்பார்கள். சில மாதம் கழித்துக் கேள்வி மாறிவிடும். "அரூர்ல பஸ் ஏறவே பயமா இருக்கு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போக வேண்டியிருக்கு." இன்று அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வந்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் ஏரியைச் சொன்னால் புரிந்துவிடும். பெருங்குடல் வாய்க்கால். மலக்குடல் ஏரி, நீளம் சுமார் 15 செ.மீ. ஆசனவாய்த் தசை மதகு. ஏரி தேக்குவதால்தான் நினைத்த நேரத்தில் மதகைத் திறக்கிறோம். கட்டி தாழ்வாக இருந்தால் ஏரியையே எடுக்க நேரும். அப்புறம் வாய்க்காலை மதகில் நேராக இணைத்தால், வந்தது வந்தபடி முட்டும். (மதகிலேயே நோய் இருந்தால் மலம் சேர வயிற்றில் நிரந்தரப் பை, அது வேறு கதை.)

1986-இல் பிரான்சில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு வழி சொன்னார்கள். குடல் நுனியை ஜே எழுத்துப் போல மடித்து ஒரு குட்டை வெட்டுவது. மடிப்பு 5, 6 செ.மீ. போதும். ஆசைப்பட்டுப் பெரிதாக்கினால் தேங்கிவிடும், முக்கினாலும் வராது. இடுப்பு குறுகலான ஆண்களுக்கு மடிப்பு உள்ளே இறங்கவும் இறங்காது.

குடலை நீளவாக்கில் கீறிக் குறுக்கே தைத்து அகலமாக்கும் முறையும் உண்டு. கேட்க அழகு. ஆனால் 2007-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் நேர் இணைப்பைவிட அது மேலாக நிற்கவில்லை.

என் கை போவது பக்க இணைப்புக்கு. குடல் முனையை மூடிவிட்டு, சற்று மேலே பக்கச் சுவரை மதகோடு சேர்ப்பது. வேலை சுலபம், பலன் ஜே மடிப்புக் குட்டைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இரண்டு வருஷம் போனால் நேர் இணைப்புக் குடலும் ஓரளவு பழகிக்கொள்ளும், வித்தியாசம் குறைந்துவிடும். அப்படியானால் எதற்கு இந்த மெனக்கெடல்? எழுபது வயதுக்காரருக்கு அந்த இரண்டு வருஷம் சின்னதா? அதுவும் தையல் ஆறும்வரை வயிற்றில் வைத்த தற்காலிக மலப் பையை எடுத்த நாளிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு, எந்த இணைப்பானாலும் தொல்லை கூடுதல்.

ஆபரேஷனுக்கு முன்பே "எனக்கு எப்படி இணைப்பீர்கள்?" என்று கேளுங்கள். "திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்றால் கோபிக்காதீர்கள், அது நேர்மையான பதில்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம்.