வலிக்காத தேமல்

நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே டிஸ்பென்சரிக்கு வந்துவிடுவார். ஆனால் முதுகிலோ முழங்கையிலோ வெளிறிய தேமல் ஒன்று படர்ந்து, அது அரிக்காமலும் வலிக்காமலும் இருக்குமானால், அதற்காக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்துக்கான வேலைப் பதிவை, இழந்து நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பஸ் ஏற மனம் வருவதில்லை. இதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் கணக்கு அது. இப்படிப்பட்ட தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த நோய் நம்மிடையே தாமதமாகப் பிடிபடுவதற்கும் அந்தக் கணக்கே பெருங்காரணம் என்பது என் எண்ணம்.

1995ஆம் ஆண்டில் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்கும் கீழே வந்தது. நோயே போய்விட்டதென்று பலர் அதை விளங்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகும் பெரும்பாலான ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர்கள், சிறுவர்கள் உட்பட, கண்டறியப்பட்டே வந்துள்ளார்கள். மற்ற மாகாணங்களைவிட மேல் மாகாணத்திலேயே அவர்கள் அதிகம். நம் பிள்ளைகள் கடை வேலைக்குப் போவதும் அங்கேதான். கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், கொழும்பில் தொற்றியது ஊர் திரும்பி வெகுகாலம் சென்றபின் நம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வெளிப்படவும் கூடும்.

நோய் நரம்பைத் தாக்கும்போது முதலில் போவது உணர்ச்சி. முழங்கை நரம்பு பாதிக்கப்பட்ட பெண், அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகையில் சுண்டுவிரல் வெந்ததை அறியமாட்டாள். கொப்புளத்தைப் பார்த்த பின்பே திகைப்பாள். அடுத்ததாக விரல்கள் மடங்கத் தொடங்கினால் கொழுந்து பறிப்பதே சிரமமாகிவிடும். ஆகையால், பஞ்சு நுனியால் தொட்டாலும் தெரியாத தேமல் இருப்பவர் வலி வரட்டும் என்று காத்திராமல் அரசாங்க வைத்தியசாலையின் சருமநோய்ப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் எடுக்க வேண்டும். மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் நீங்கிவிடுவதால், தனித் தட்டும் தனிப் பாயும் தேவையில்லை. சிறுநீர் சிவப்பதும் தோல் கறுப்பதும் மருந்தின் விளைவுகளே, பயந்து நிறுத்திவிடாதீர்கள். தோல் கறுத்தால் பக்கத்து லயத்தில் பேச்சு எழும்தான், ஆனால் மருந்து முடிந்த சில மாதங்களில் நிறம் மெல்லத் தெளியும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் ஒரே அறையில் வசிக்கும் குடும்பத்தினர் அனைவரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. அந்த நாளுக்கு அவர்களுடைய பேரை வெட்டாதீர்கள்.