வாசிப்பு எங்க அறுந்து போகுது? என் நோட்டுல இருக்கற காலி இடங்கள்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? ஒரு நிமிஷம், இந்த லைட்டு கண்ணுல அடிக்குது, திருப்பி வெச்சுக்கறேன். ம், இப்ப சரி.

இன்னைக்குத் தினமும் படிக்கற பழக்கம் பத்திப் பேசலாம். முன்னாடியே சொல்லிடறேன், "வருஷத்துக்கு 100 புத்தகம் படிப்பது எப்படி"ங்கற வகை வீடியோ இல்ல இது. அந்த மாதிரி வீடியோவா பார்த்துப் பார்த்து நாலு தடவை ஆரம்பிச்சு நாலு தடவையும் விட்டவதான் நான். ஆரம்பிக்கறதுல எனக்கு என்னைக்குமே குறை இருந்ததில்ல. ஜனவரி 1-ந்தேதி யாரைக் கேட்டாலும் பெரிய வாசகர்தான்!

அஞ்சாவது தடவை ஒரு காரியம் பண்ணேன். இதோ இந்த நோட்டு. படிச்ச நாள்ல தேதி, புத்தகத்தோட பேர், எந்தப் பக்கம் வரைக்கும். அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. போன வாரம் சும்மா புரட்டினப்போ, எழுதின நாளை விட்டுட்டு எழுதாத நாளை மட்டும் பார்த்தேன். மூணு நாளைக்கு மேல காலியா இருக்கற இடமெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு யோசிச்சேன்.

"நேரம் கிடைக்கல"தான் நிறைய வரும்னு நினைச்சேன். வரல. வேலை கழுத்தை நெரிச்ச ஒரு மாசத்துலதான் ஒரு நாள்கூட விடாம படிச்சிருக்கேன். ஒருவாரம் முழுக்க லீவுல இருந்தப்போ ஒரு பக்கம் புரட்டல. அப்போ நேரம் இல்ல விஷயம்.

வட்டம் போட்டதுல பாதிக்கு மேல எங்க இருந்துச்சு தெரியுமா? ஒரு புத்தகம் முடிஞ்ச மறுநாள்.

யோசிச்சுப் பாருங்க. பிடிச்ச நாவல் ஒண்ணு முடியுது. ராத்திரி 1 மணி வரைக்கும் முழிச்சிருந்து முடிக்கறோம். மறுநாள் மனசு இன்னும் அந்த வீட்டுக்குள்ளேயே சுத்துது, வேற எதையும் தொடப் பிடிக்கல. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம். அடுத்த நாள் அலமாரி முன்னாடி நின்னு எதை எடுக்கறதுன்னு முழிக்கறோம். மூணாவது நாள் அந்த நேரத்துல கையில போன் இருக்கு. நாலாவது நாள் அது போனுக்கான நேரமாவே மாறிடுச்சு. புத்தகம் மோசமா இருந்து அறுந்து போனா பரவாயில்ல. ரொம்ப நல்லா இருந்ததாலயே அறுந்து போச்சு!

இதுக்கு நான் இப்ப பண்றது ரொம்பச் சின்ன வேலை. புத்தகத்துல ஒரு 50 பக்கம் மிச்சம் இருக்கும்போதே அடுத்தது எதுன்னு முடிவு பண்ணி, படிக்கற புத்தகத்துக்கு அடியில வெச்சிடுவேன். இது முடியற அதே ராத்திரி, அதுல ஒரே ஒரு பக்கம். பிடிக்குதோ இல்லையோ, ஒரு பக்கம். மறுநாள் நான் ஏற்கெனவே அந்தப் புத்தகத்துக்குள்ள இருக்கேன். நின்னு தேர்ந்தெடுக்கற வேலை இல்ல.

நாவலோட கனம் இறங்கவே மாட்டேங்குதுன்னா, அதுக்குன்னு தனியா ஒரு புத்தகம் இருக்கு. சிறுகதைத் தொகுப்போ கட்டுரையோ, எந்தப் பக்கத்துல திறந்தாலும் படிக்கலாம். எனக்கு அது இடைவேளைப் புத்தகம். முடிக்கணும்னு அவசியமே இல்ல. ரெண்டு வருஷமா அதே புத்தகம்தான் அந்த இடத்துல கிடக்குது, பாவம்.

ரெண்டாவது வகை வட்டம். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. தடிமனான ஒரு புத்தகம், "இதைப் படிக்காம இருக்கவே கூடாது"ன்னு எல்லாரும் சொன்னது. 140-வது பக்கத்துல சிக்கினேன். நாலு மாசம். அந்த நாலு மாசத்துல நோட்டுல மொத்தமே 11 தேதிதான். ஏன்னா மனசுக்குள்ள ஒரு சட்டம்: எடுத்ததை முடிக்காம அடுத்ததைத் தொடக்கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டா? நானேதான். அந்தப் புத்தகத்தையும் படிக்கல, வேறயும் படிக்கல. வாசல்ல ஒரு பெரிய கல்லை வெச்சுட்டு வெளியவே போகாம உக்காந்திருந்த கதை.

நூலகவியல்ல எஸ். ஆர். ரங்கநாதன்னு ஒரு பெரிய பேர். 1931-ல அவர் நூலகங்களுக்குன்னு அஞ்சு விதி எழுதினார், உலகம் முழுக்க நூலகவியல் படிக்கற மாணவர்கள் இன்னைக்கும் அதைப் படிக்கறாங்க. அதுல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து. அவர் சொன்னது நூலகம் எப்படி நடக்கணும்னு. நான் அதை என் அலமாரிக்குக் கடன் வாங்கிட்டேன். குறிப்பா அந்த மூணாவது விதி எனக்குப் பெரிய ஆறுதல். அந்தத் தடிப் புத்தகத்துக்கு ஒரு வாசகர் எங்கேயோ இருக்கார். இப்போதைக்கு அது நான் இல்ல. கீழ வெச்சுட்டேன். வெச்ச அன்னைக்கே வேறொண்ணுல 30 பக்கம்.

ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு. கஷ்டமா இருக்கற புத்தகத்தையெல்லாம் இப்படி வெச்சுட்டே போனா, வழுக்கிட்டுப் போற புத்தகம் மட்டும்தான் கையில மிஞ்சும். நான் ஒண்ணு கவனிச்சுக்கறேன். மூடி வெச்சதுக்கு அப்புறம், வேற வேலை பார்க்கும்போது அந்தப் புத்தகம் தானா ஞாபகத்துக்கு வருதா? வந்தா அது கஷ்டமான புத்தகம், மெதுவா ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போகலாம். கையில இருக்கும்போது மட்டும்தான் இருக்கு, வெச்சா மறந்தே போகுதுன்னா விட்டுடலாம். எனக்கு இது பெரும்பாலும் சரியா வருது.

மூணாவது வகைதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஒரு நாள் காய்ச்சல், இல்ல ஒரு பயணம். ஒரு நாள் விட்டுப்போச்சு. அதோட "சரி, எல்லாம் போச்சு, அடுத்த மாசம் 1-ந்தேதிலேர்ந்து புதுசா ஆரம்பிக்கலாம்." இதுக்குப் பாதிக் காரணம் அந்த 21 நாள் கதைன்னு எனக்குத் தோணுது. 21 நாள் விடாம பண்ணா பழக்கம் ஆயிடும்னு சொல்லுவாங்க இல்ல? அது எங்கேர்ந்து வந்ததுன்னு தேடினா, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். முகத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கண்ணாடியில தெரியற புது முகத்துக்குப் பழகக் குறைஞ்சது 21 நாள் போல ஆகுதுன்னு 1960-ல ஒரு புத்தகத்துல எழுதினார். காலப்போக்குல அந்தக் "குறைஞ்சது" காணாம போயிடுச்சு. மூக்குக்குச் சொன்னதை நாம புத்தகத்துக்குப் போட்டுக்கிட்டோம்.

நிஜமாவே அளந்து பார்த்த ஒரு ஆய்வு இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் பண்ணது. 96 பேர், 12 வாரம். ஒவ்வொருத்தரும் சாப்பிடறது, குடிக்கறது, உடற்பயிற்சி, இதுல ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கிட்டு தினமும் ஒரே சந்தர்ப்பத்துல பண்ணணும். யோசிக்காம தானா வர்ற அளவுக்கு ஆக 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும். வரிசையில நடுவுல நிக்கற ஆளுக்கு 66 நாள். 12 வாரம்னா 84 நாள்தானே, 254 எப்படின்னு கேப்பீங்க. அது போற போக்கை வெச்சு கணக்குப் போட்டுச் சொன்னது. வாசிப்பை அவங்க அளக்கல, அதனால 66-ஐ அப்படியே சுவத்துல எழுதி ஒட்டிக்காதீங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வேறொண்ணு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் உருவாகறதைப் பெரிசா பாதிக்கல.

அதைப் படிச்ச அன்னைக்கே, எத்தனை நாள் தொடர்ச்சியாப் படிச்சேன்னு எண்ணிக் காட்டற அந்த ஆப்பைத் தூக்கிட்டேன். 47-ன்னு இருந்தது ஒரு நாள்ல பூஜ்யம் ஆகும், அதைப் பார்த்தாலே எல்லாம் வீணாப் போன மாதிரி இருக்கும். நோட்டுல பூஜ்யம் கிடையாது. ஒரு வரி காலி, அதுக்குக் கீழ அடுத்த தேதி.

அதே ஆப்ல நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைன்னு வேற காட்டும். ஆங்கிலத்துல கதை இல்லாத புத்தகத்தை மனசுக்குள்ள படிக்கற வேகம் சராசரியா நிமிஷத்துக்கு 238 வார்த்தைன்னு 2019-ல ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்துச்சு. தமிழ்ல "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்"ங்கறதே ஒரு வார்த்தை! இதை வெச்சு நம்ம வேகத்தை எப்படிங்க கணக்குப் போடறது? விடுங்க.

எப்போ படிக்கறதுங்கறதை வேகமாச் சொல்லிடறேன். ராத்திரி 9 மணின்னு வெச்சேன், ஒரு வாரம் தாங்கல. 9 மணிக்கு வேற ஏதாவது ஓடிட்டே இருக்கும். இப்போ கடிகாரத்தைப் பார்க்கறதில்ல. பல் தேய்ச்சு முடிச்சதும் படிக்கணும். 9-க்குத் தேய்ச்சாலும் சரி, 12-க்குத் தேய்ச்சாலும் சரி. போன் சார்ஜரைப் படுக்கை பக்கத்துலேர்ந்து எடுத்து வெளி ரூம்ல போட்டாச்சு, அந்த இடத்துல புத்தகம். விரிச்சுக் கவுத்து வெக்காதீங்க, முதுகு ஒடிஞ்சிடும். ஒரு துண்டுப் பேப்பர் போதும்.

கணக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம். இதுல நான் ஒரு தப்புப் பண்ணேன். நல்லாப் போயிட்டிருக்கேன்னு ஒரு கட்டத்துல ரெண்டை 20 ஆக்கினேன். மூணே வாரம், நோட்டுல பெரிய வட்டம். ரெண்டுங்கறது களைச்சுப்போன நாளுக்காக வெச்சது, அதை நல்லா இருக்கற நாளைப் பார்த்து ஏத்தவே கூடாது. நல்ல நாள்ல 60 பக்கமும் போகும், யார் தடுத்தா? ஆனா மறுநாளும் கணக்கு ரெண்டுதான். சில நாள் ரெண்டாவது பக்கத்தோட கடைசி வரி முடிஞ்சதும் படக்குனு மூடிட்டுத் தூங்கியிருக்கேன். கதாநாயகன் கிணத்துல தொங்கிட்டிருந்தான்.

இ-புக், ஆடியோ புக் எல்லாம் கணக்குல வருமான்னு கேட்டா, என் நோட்டுல வரும். கேட்டதுன்னா பக்கத்துல ஒரு "கே" போடுவேன். அவ்வளவுதான்.

சரி, பேட்டரி சிவப்பு காட்டுது. இப்போ படிச்சிட்டிருக்கறது இது, இன்னும் 40 பக்கம் இருக்கு. அடுத்தது அடியில வெச்சாச்சு, பேர் சொல்ல மாட்டேன், பாதியில விட்டா நீங்க கேட்பீங்க. நேத்து எழுதல, முந்தாநேத்தும் எழுதல, பாருங்க, ரெண்டு வரி காலி. இன்னைக்குத் தேதியை மட்டும் இப்பவே போட்டு வெச்சுக்கறேன். பல் தேய்க்கப் போறேன். வரட்டுமா?