கோலி, பட்டேல், முகர்ஜி... எங்களுக்கு ஏன் சர்நேம் இல்லை? | இரணைமடுவில இருந்து ஒரு கதை

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறியளோ. இண்டைக்கு கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில நிண்டுதான் கதைக்கிறன், காத்துச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. போன வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார், அக்கா ஐபிஎல் பாக்கேக்க எல்லாருக்கும் ஒரு சர்நேம் இருக்குது, கோலி, சர்மா, ஜடேஜா எண்டு, எங்களுக்கு மட்டும் ஏன் அப்பாட பேரை விட்டா வேற ஒண்டும் இல்லை எண்டு. நல்ல கேள்வி தம்பி. ஆனா இந்தியாவில எல்லாருக்கும் ஒரே மாதிரி சர்நேம் இருக்குது எண்டு நினைக்கிறதில இருந்துதான் எங்களுக்கு அந்தக் குறையே வருது. அங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு முறை.

கிரிக்கெட்டை விடுங்கோ, ஓட்டோவில நாள் முழுக்கக் கேக்கிற பாட்டுக்காரரில இருந்து தொடங்குவம். எஸ்.பி.பாலசுப்பிரமணியம். அந்த எஸ்.பி. அவற்ற அப்பாட பேர் இல்லை. ஸ்ரீபதி பண்டிதாராத்யுல எண்டுற வீட்டுப்பேர் அது. தெலுங்கு ஆக்களுக்கு வீட்டுப்பேர் முன்னுக்கு வரும், சொந்தப் பேர் பின்னுக்கு, அதாலதான் தங்கச்சி எஸ்.பி.சைலஜா, மகன் எஸ்.பி.சரண், எல்லாருக்கும் அதே ரெண்டு எழுத்து. பி.சுசீலா அம்மாட பி-யும் அப்பிடித்தான், புலபாக எண்டுற வீட்டுப்பேர். வி.வி.எஸ்.லக்ஷ்மண் எண்டா வங்கிபுரப்பு வெங்கட சாயி லக்ஷ்மண், முதல் வி-தான் குடும்பப் பேர்.

இப்ப மலையாளத்துக்கு வாங்கோ. கே.ஜே.யேசுதாஸ், கே எண்டா காட்டாசேரி, அது வீட்டுப்பேர், ஜே எண்டா ஜோசப், அது அப்பா. மகன் விஜய் யேசுதாஸ், அவர் அப்பாட பேரைத் தனக்குப் பின்னால போட்டிருக்கிறார், பாருங்கோ ஒரு தலைமுறைக்குள்ளயே முறை மாறிட்டுது. சித்ரா அம்மாட கே.எஸ். இருக்குதெல்லோ, கே எண்டா கிருஷ்ணன் நாயர், அப்பா. எஸ் எண்டா சாந்தகுமாரி, அம்மா! அம்மாட பேரும் இனிஷியலில இருக்குது. எனக்கு இது சரியா விருப்பம். எங்கட வன்னியில அம்மா தனிய நிண்டு வளத்துவிட்ட பிள்ளையள் எவ்வளவு பேர் இருக்கினம், அந்தப் பிள்ளையள் அம்மாட எழுத்தையும் முன்னுக்குப் போட்டா அதில என்ன பிழை இருக்குது சொல்லுங்கோ, நான் எண்டா போடச் சொல்லித்தான் சொல்லுவன்.

டி.எம்.எஸ். ஐயாவைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. மதுரையில பிறந்தவர், ஆனா வீட்டில கதைக்கிறது சௌராஷ்டிர மொழி, அந்த டி எண்டா தொகுளுவ, அது அவையிட குடும்பப்பேர், எம் எண்டா மீனாட்சி ஐயங்கார், அப்பா. தமிழ்ப்பாட்டெண்டா அவர்தான் எண்டு நாங்கள் சொல்லுற ஆளின்ர முதல் எழுத்துக்குள்ள இன்னொரு மொழிக்காரரின்ர குடும்பக்கதை இருக்குது.

சரி, தம்பி கேட்ட கிரிக்கெட். அஸ்வினைப் பாருங்கோ, ரவிச்சந்திரன் அஸ்வின், ரவிச்சந்திரன் அப்பா, எங்கட முறையேதான். வாஷிங்டன் சுந்தர், சுந்தர் எண்டுறது அப்பா, வாஷிங்டன்தான் பிள்ளையின்ர பேர். அவையின்ர அப்பாவுக்குச் சின்ன வயசில உதவி செய்த ஒரு முன்னாள் ஆமிக்காரரின்ர பேரை நன்றிக்கு வைச்சது. கொமென்ட்ரியில சுந்தர் சுந்தர் எண்டு சொல்லேக்க அவங்கள் கூப்பிடுறது தகப்பனை. கனடாவில எங்கட மாமா ஒராளுக்கும் இதுதான் நடக்கிறது, டொக்டரிட்டப் போனா மிஸ்டர் கந்தையா எண்டு கூப்பிடுவினமாம், இவர் பேசாம இருப்பாராம், கந்தையா எங்கட அம்மப்பா எல்லோ.

இனி வடக்கால போவம். பட்டேல் எண்டா குஜராத்தில ஊர்த்தலைவர், மகாராஷ்டிராவில அதே வேலைக்காரர் பாட்டில். குல்கர்ணி ஊர்க்கணக்கு எழுதினவர். ஜோஷி சாத்திரம் பாக்கிறவர், ஜோதிஷி எண்டுறதுதான் அப்பிடிச் சுருங்கினது. எங்களுக்கு இது விளங்கிறது சுகம். இப்பவும் ஜி.எஸ். எண்டுற கிராம அலுவலரை எங்கட பழைய ஆக்கள் விதானையார் எண்டுதானே சொல்லுவினம். அந்த விதானை எண்டுறது பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டு போயிருந்தா அதுதான் எங்கட பட்டேல். பண்டாரவன்னியனில வாற வன்னியனும் அந்த மாதிரி, வன்னியை ஆண்ட தலைவர்மாரின்ர பட்டம் அது. 1803ல முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சுப் பிடிச்ச மனிசன், அதே வருசம் ஒக்டோபர் 31 கற்சிலைமடுவில தோத்தார் எண்டு வெள்ளைக்காரன் கல்லு நட்டு எழுதி வைச்சவன். பட்டம் அவற்ற பேரோட நிண்டுது, சர்நேம் ஆகி இறங்கி வரேல்ல.

வங்காளத்தில முகர்ஜி, பானர்ஜி, சட்டர்ஜி எண்டா முகோபாத்யாய, பந்தோபாத்யாய, சட்டோபாத்யாய, எல்லாத்திலயும் கடைசியில உபாத்யாய இருக்குது, வாத்தியார் எண்டுறது. கங்குலியும் கங்கோபாத்யாயதான். திவேதி, திரிவேதி, சதுர்வேதி எண்டா ரெண்டு, மூண்டு, நாலு வேதம் படிச்ச பரம்பரை. இதை நான் கொஞ்சம் கவனமாத்தான் சொல்லுறன், பாட்டன்ட பாட்டன் வேதம் படிச்சார் எண்டுறதை இண்டைக்கு ஒரு பிள்ளை நெத்தியில ஒட்டிக்கொண்டு திரியுற மாதிரி, அதைப் பாத்து மற்றாக்கள் மரியாதையைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு அது.

மராட்டியில கர் எண்டு முடிஞ்சா கூடுதலா ஊர்ப்பேர். லதா மங்கேஷ்கரின்ர அப்பா கோவாவில மங்கேஷி எண்டுற ஊர்க்காரர், அதால மங்கேஷ்கர். நாங்கள் நெடுங்கேணியான், மாங்குளத்தான் எண்டு சொல்லுறது போல. பாரசீகத்தில இருந்து வந்து குடியேறின பார்சி ஆக்கள் பம்பாயில செய்த தொழிலையே பேரா வைச்சினம், பாரூக் எஞ்சினியர், நரி கொன்ட்ராக்டர் எண்டு ரெண்டு பேர் இந்தியாவுக்கு விளையாடியிருக்கினம், பேரே அதுதான்! பாட்லிவாலா எண்டா போத்தில்காரர். நேரு எண்டுறது நஹர், வாய்க்கால். முதல் அவை கௌல் குடும்பம், டெல்லியில வாய்க்கால் கரையில இருந்ததால கௌல் நேரு ஆகி, பிறகு கௌல் விழுந்து நேரு மட்டும் மிஞ்சிச்சுது. இந்தக் குளக்கட்டில நிண்டு அதைச் சொல்லேக்க எனக்கு ஒரு சந்தோசம், எங்கட சனத்தின்ர சீவியமும் வாய்க்காலை நம்பித்தானே.

சாதியைப் பேரில இருந்து எடுக்க வேணும் எண்டு நினைச்ச ஆக்களும் அங்க இருந்திருக்கினம். 1699ல சீக்கியரின்ர குரு கோவிந்த் சிங் கால்சா எண்டுற சபையைத் தொடங்கேக்க ஆம்பிளையளுக்கு சிங், பொம்பிளையளுக்கு கவுர் எண்டு பொதுப்பேர் குடுத்தார், ஆர் எந்தச் சாதி எண்டு தெரியக்கூடாது எண்டுதான். அதுக்கு முதலே ராஜபுத்திரரிட்ட சிங் இருந்தது, அதால சிங் எல்லாரும் சீக்கியர் இல்லை. தமிழ்நாட்டில 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில சாதிப்பட்டத்தை விடச்சொல்லித் தீர்மானம் போட்டினம், பெரியாரும் தன்ர பேரில இருந்த நாயக்கர் எண்டுற பட்டத்தை விட்டார். எங்கட பக்கம் பேருக்குப் பின்னால சாதி இல்லை, நல்லதுதான், ஆனா கலியாணப் பேச்சில கேக்கிறது நிக்கேல்லையே. பேரில இல்லை எண்டு சொல்லிக்கொண்டு புரோக்கரிட்டக் கேக்கிறது எனக்குச் சரியான கோவம் வாற விசயம்.

இப்ப இதைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கோ, கேமராவைத் திருப்புறன். எங்கட அம்மப்பாட காணிப் பெர்மிட். மடிப்பில கிழிஞ்சு டேப் ஒட்டிக்கிடக்குது, இடம்பெயரேக்க எல்லாம் அம்மம்மா இதைத்தான் ஷொப்பிங் பையில சுத்தி இடுப்பில வைச்சிருந்தவ. மேல முருகேசு கந்தையா எண்டு டைப் அடிச்சிருக்குது. கீழ தனக்குப் பிறகு ஆருக்கு எண்ட இடத்தில கந்தையா தவராசா, எங்கட மாமா. மாமாட பிள்ளை தவராசா எண்டு தொடங்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பேர் பின்னுக்கு விழுந்து ஒரு பேர் முன்னுக்கு வருது, நாலு பெர்மிட்டை வரிசையா வைச்சா முழுப் பரம்பரையும் வாசிக்கலாம். பட்டேல் எண்டா எந்தப் பட்டேல் எண்டு ஆர் சொல்லுறது? இதில ஆர்ர பிள்ளை எண்டு உடன தெரியும். இதைக் குறை எண்டு சொல்லாதையுங்கோ.

பாஸ்போட் எடுக்கிற பிள்ளையளுக்கு ஒண்டு, சர்நேம் பெட்டிக்குள்ள எதை எழுதுறியளோ அதையே எல்லாத்திலயும் ஒரே எழுத்துக்கூட்டில வைச்சிருங்கோ, பிறப்புப் பத்திரம், ஐடென்டி, ஓ.எல். சேர்ட்டிபிக்கற் எல்லாத்திலயும். புதுசா ஒரு சர்நேம் கண்டுபிடிச்சுப் போடாதையுங்கோ.

மன்னார் ஆக்கள் கோவிக்காதையுங்கோ, உங்களை மறக்கேல்ல. உங்களிட்டத்தானே உண்மையான சர்நேம் இருக்குது, குரூஸ், பெர்னாண்டோ, பீரிஸ். 1560ல போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடிச்சாங்கள், ஞானஸ்நானத்தோட வந்த பேர்கள் கோவாவிலயும் தூத்துக்குடியிலயும் அப்பிடியே இருக்குது. கோவாவில பெர்னாண்டஸ் எண்டுறது பெர்னாண்டோட மகன், பீரிஸும் அந்த வகை, அதுவும் தொடங்கேக்க அப்பாட பேர்தான், எங்கயோ ஒரு தலைமுறையில நிப்பாட்டிப் போட்டாங்கள். அடுத்த வீடியோ மன்னாரில இருந்துதான், அதுக்குள்ள வீட்டில பெரியாக்களிட்டக் கேட்டு உங்கட குடும்பப்பேரைக் கீழ எழுதிவிடுங்கோ.