மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கையால் ஓட்டும் சக்கர நாற்காலியில் மாட்டிக்கொள்ளும் மோட்டார் துணைக்கருவிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோங்கள். அங்கே ஒரு வளையம் இருப்பதாக நினைத்துப் பிடித்து, தொடை வரைக்கும் முன்னே தள்ளிவிடுங்கள். மறுபடி பின்னே போய், மறுபடி தள்ளுங்கள். விநாடிக்கு ஒரு தரம். பக்கத்தில் நடந்து வருகிறவரோடு பேசிக்கொண்டே போக வேண்டுமானால், கையால் ஓட்டும் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறத்தாழ இந்தக் கணக்கில்தான் தள்ள வேண்டியிருக்கும். பத்து நிமிடத்துக்கு 600 தள்ளல்.

நான் பதினான்கு வருடங்களாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு சக்கர நாற்காலிதான். முதல் ஏழெட்டு வருடம் "கை இரும்பு மாதிரி ஆகிவிட்டது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருநாள் இரவு வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

தோள்பட்டையின் அமைப்பு அப்படி. இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். உடல் எடையைத் தாங்கவே அமைந்தது அது. தோள் மூட்டில் அந்தக் கிண்ணம் ஆழமில்லாதது, கிட்டத்தட்ட ஒரு சின்னத் தட்டு. அதன் மேல் பந்து நழுவாமல் பார்த்துக்கொள்வது சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநார்களும்தான். கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்காகக் கிடைத்த வசதி அது. வண்டி இழுப்பதற்காக இல்லை. நடக்கிறவருக்குத் தோள் வலித்தால் ஒரு மாதம் கைக்கு ஓய்வு கொடுக்கலாம். எங்களுக்குக் கைதானே காலும்? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், கழிப்பறை இருக்கைக்கு மாறுவதும் அதே தோளை ஊன்றித்தான். மூட்டுக்கு விடுமுறையே கிடையாது.

அமெரிக்காவில் முதுகுத்தண்டு மருத்துவத்துக்கான நிபுணர் கூட்டமைப்பு, கைகளையும் தோள்களையும் காப்பதற்கென்றே 2005இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தள்ளும் எண்ணிக்கையைக் குறை, தள்ளும் விசையைக் குறை, நறுக் நறுக்கென்று குத்தாமல் நீளமாக, சீராகத் தள்ளு என்பது அதன் சாரம். இன்று நான் பேச வந்த கருவிகள் முதல் இரண்டையும் செய்கின்றன. சாதாரண சக்கர நாற்காலியில் மாட்டிக் கழற்றக்கூடிய, மோட்டாரும் பேட்டரியும் உள்ள துணைக்கருவிகள். நாற்காலி உங்களுடையதேதான். தேவைப்படும்போது துணைக்கு ஒரு ஆள் வருகிற மாதிரி.

விசை என்றேனே, அதற்கு ஒரு கணக்கு. நீங்களும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். நல்ல வழவழப்பான சமதரையில் உங்களை ஓடவைக்க, ஒரு கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கிற அளவு விசை இருந்தால் ஏறக்குறையப் போதும். இப்போது ஒரு சாய்தளம் வருகிறது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம். பல இடங்களில் நல்ல சாய்தளத்துக்கு இதைத்தான் அளவாகச் சொல்கிறார்கள். 90ஐ 12ஆல் வகுங்கள், ஏழரை. பழைய ஒரு கிலோவையும் சேர்த்தால் எட்டரை. அதே மனிதர், அதே நாற்காலி, அதே தோள். பாரம் மட்டும் எட்டு மடங்குக்கு மேல். சட்டப்படி சரியாகக் கட்டிய சாய்தளத்திலேயே இந்தக் கதி. ஏனோதானோவென்று கட்டியதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

மோட்டாருக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. முதலில் ஒரு காற்றடிக்கும் பம்பு வாங்குங்கள். டயரில் காற்று குறைந்திருந்தால் சமதரையே மேடாகிவிடும். அடுத்தது, பெரிய சக்கரங்களின் அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அச்சு உங்கள் தோளுக்கு நேர் கீழே வராமல் ரொம்பப் பின்னால் இருந்தால், ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னுக்கு வளைத்துத்தான் வளையத்தைப் பிடிக்க வேண்டும். முன்னாலிருக்கும் குட்டிச் சக்கரங்கள் மேல் எடையும் கூடும். அச்சைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் ஓட்டம் இலகுவாகும். ஆனால் பின்பக்கம் கவிழும் வாய்ப்பும் கூடும் என்பதால், தெரிந்தவரை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் சரிசெய்ததுமே "எனக்கு மோட்டார் வேண்டாம் போலிருக்கிறதே" என்று சொன்னவர்கள் உண்டு.

சரி, வேண்டும் என்றே ஆகிவிட்டது. கடைக்காரர் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்வளவு வேகம் என்றுதான் ஆரம்பிப்பார். நான் கேட்கச் சொல்கிற கேள்வி வேறு. மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சக்கரத்துக்குள்ளா, முதுகுக்குப் பின்னாலா, காலுக்கு முன்னாலா? எதில் சுகம், எதில் ஆபத்து என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

சக்கரத்துக்குள் இருப்பதை முதலில் பார்ப்போம். 1993இல் யமஹா நிறுவனம் மின் துணை சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்த்து அதற்கேற்ற அளவு மோட்டாரும் சேர்ந்து தள்ளும். அதே யோசனைதான் பிறகு சக்கர நாற்காலிக்கும் வந்தது. இங்கே பெடலுக்குப் பதில் கைவளையம். வளையத்துக்குள் இருக்கும் உணரி உங்கள் தள்ளலை அளக்கும், சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் இருக்கும் மோட்டார் அதைப் பெருக்கிக் கொடுக்கும். பழைய சக்கரத்தைக் கழற்றி இதை மாட்டினால் போதும், ஓட்டும் முறையை மாற்ற வேண்டியதில்லை. இறக்கத்தில் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்யும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பல மாடல்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாகத் துணையைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. ஒரு கை பலவீனமானவர் வட்டமடிக்காமல் நேராகப் போகலாம்.

பிறகு ஏன் எல்லோரும் இதையே வாங்குவதில்லை? எடைதான். சக்கரம் ஒன்றுக்கு ஆறு கிலோவோ அதற்கு மேலோ வரும். தனியாகக் கார் ஓட்டிப்போகிறவர் இருக்கையில் உட்கார்ந்தபடி சக்கரங்களைக் கழற்றித் தன் மடியைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்குத் தூக்கி வைக்க வேண்டும். தோளைக் காப்பாற்ற வாங்கிய கருவியைத் தோளால் தூக்க வேண்டியிருக்கிறது. ஏற்றி இறக்க ஆள் உண்டா என்று வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

பின்னால் மாட்டுவது ரொம்பச் சின்னதாக இருக்கும். ஒற்றைச் சக்கரம், சிலது ஆறு கிலோ அளவில்தான். இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே, அச்சுக் குழாயில் கொக்கி போட்டு மாட்டுவார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தட்டினாலோ, நாற்காலி ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாலோ அது கிளம்பும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிற மாதிரியே இருக்கும். திசை திருப்ப, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்து வளையத்தை லேசாகத் தொட்டால் போதும். நான் வைத்திருப்பது இந்த வகைதான்.

இதில் நான் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய மூன்றாவது வாரம், ஒரு நீளமான நடைபாதை. தரைக்கல் ஒன்று விரலளவு மேலே எழும்பியிருந்தது. முன்னாலிருக்கும் குட்டிச் சக்கரம், காஸ்டர் என்பார்களே, அது போய் அதில் முட்டியது. கையால் தள்ளும்போது இப்படி முட்டினால் நெஞ்சு ஒரு குலுங்கு குலுங்கும், அவ்வளவுதான். கை தானாகவே நின்றுவிடும். மோட்டாருக்கு அது தெரியவில்லை. அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியைவிட்டு முன்னே போய் முழங்கையில் இறங்கினேன். கருவியில் கோளாறு ஏதும் இல்லை. மோட்டார் பின்னால் இருந்தால் காஸ்டர் தரையில்தான் இருக்கும், வேகம் மட்டும் கூடியிருக்கும். இதை எனக்கு விற்றவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொன்று, இந்த வகையில் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, உங்கள் உள்ளங்கையால்தான் வளையத்தை உரசி வேகத்தைக் குறைக்க வேண்டும். கையுறை இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

முன்னால் மாட்டுவது வேறு ரகம். ஒரு பெரிய சக்கரம், அதற்கு மேலே சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார், ஆக்ஸிலரேட்டர், பிரேக், எல்லாம் இருக்கும். நாற்காலியின் சட்டத்தில் கிளாம்ப் போட்டுப் பூட்டி நெம்பினால் காஸ்டர்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிடும். நாற்காலி மூன்று சக்கர வண்டியாகிவிடும். இந்த உருவம் ஒன்றும் புதிதல்ல. 1655இலேயே ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற ஜெர்மானியக் கடிகாரக்காரர், முன்சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர நாற்காலியைத் தனக்காகவே செய்துகொண்டார். அவர் கைப்பிடியை வைத்த இடத்தில் இன்று மோட்டார் இருக்கிறது.

காஸ்டர் எழும்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சரளையிலும் புல்தரையிலும் சிக்கி நின்றவர்களுக்குத்தான் தெரியும். என்னைத் தள்ளிவிட்ட அந்தக் கல்லை இது கவனிக்காமலே தாண்டிப்போயிருக்கும். கரடுமுரடான பாதையில் தினமும் போக வேண்டியவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. உங்கள் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்கள் மேல் இருக்கிறது, இழுக்க வேண்டியதோ முன்சக்கரம். மேடு ஏறும்போது எடை இன்னும் பின்னுக்குச் சாயும். முன்சக்கரம் பிடிப்பு இழந்து நின்ற இடத்திலேயே சுற்றும். மழை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். உடம்பை நன்றாக முன்னே சாய்த்து ஏற வேண்டும். வயிற்றுத் தசையில் கட்டுப்பாடு இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது சுலபமில்லை. திருப்பத்தில் வேகம் குறைக்காவிட்டால் பக்கவாட்டில் கவிழும். மூன்று சக்கர வண்டிகளுக்கே உள்ள குணம் அது. பாதங்களையும் பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். கால் உணர்வில்லாதவருக்குப் பாதம் நழுவித் தரையில் இழுபடுவது, ரத்தத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

வீட்டுக்குள்ளும் லிஃப்டுக்குள்ளும் இது இடைஞ்சல். மேசைக்கு அருகே போக முடியாது. கழற்றி எங்கே வைப்பது, திரும்ப மாட்ட விரல்களில் பலம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மடிக்கிற நாற்காலி, மடிக்காத நாற்காலி, குழாயின் தடிமன், கார்பன் சட்டமா அலுமினியச் சட்டமா என்பதைப் பொறுத்து கிளாம்பும் மாறும். பொருந்தாததைப் பொருத்தினால் சட்டத்தில் விரிசல் விடலாம். நாற்காலி செய்த நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் இருப்பவரால் எதையுமே இயக்க முடியாது, வயதான கணவரோ மனைவியோதான் தள்ளுகிறார் என்றால், தள்ளுகிறவர் கைப்பிடியிலேயே பொத்தான் வைத்த மோட்டார்களும் இருக்கின்றன. அவருக்கும் அதே மாதிரித் தோள்தானே.

"மோட்டார் வந்தால் கைத்தசை இளைத்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். நான் வீட்டுக்குள் மாட்டுவதே இல்லை. சமதரையில் குறைந்த தூரம் என்றால் கைதான். சாய்தளமும் நீண்ட தூரமும் மட்டும் மோட்டாருக்கு. கைக்கு வேண்டிய உடற்பயிற்சி அதிலேயே நிறைய மிஞ்சுகிறது. அதே சமயம், கொஞ்ச தூரம்கூடத் தள்ள முடியாதவருக்கும், சட்டென்று இழுப்பு வந்து கை தானாக அசைந்துவிடுகிறவருக்கும் இந்தத் துணைக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு மின் நாற்காலிதான் அவர்களுக்குச் சரி. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பேட்டரிக்கு வருகிறேன். அதன் மேல் வோல்ட் என்றும் ஆம்பியர் மணி என்றும் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் மணி. 36 வோல்ட், 8 ஆம்பியர் மணி என்றால் 288. அதே 36 வோல்ட்டில் 10 என்றால் 360. விமானத்தில் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி உள்ள நடமாட்டக் கருவிகளுக்கு உலக விமானப் போக்குவரத்து விதிகளில் சொல்லும் எல்லை 300 வாட் மணி. பேட்டரியைக் கழற்றிக் கையோடு பயணிகள் பகுதிக்குத்தான் எடுத்துப்போக வேண்டும். பெரிய பேட்டரி கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு விமான நிலையத்தில் விழிக்காதீர்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கருவி வீட்டுக்கு வந்த முதல் வாரம். எல்லோரும் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். ஆளில்லாத சமதரைக்குப் போய், ஆகக் குறைந்த வேகத்தை வைத்து, நிறுத்த மட்டும் பழகுங்கள். கிளம்பு, நிறுத்து. கிளம்பு, நிறுத்து. யாராவது பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுக்கட்டும், பேசிக்கொண்டே நிறுத்துங்கள். முழங்கையில் அந்தத் தழும்போடு, தெருவைக் கடக்கும் முன் நான் இன்றைக்கும் மணிக்கட்டை ஒரு தரம் தட்டி நிறுத்திப் பார்த்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.

வணக்கம்.