பச்சையை விலக்கு என்று தரையில் எழுதியிருந்தது

அனைவருக்கும் வணக்கம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்', அதாவது பயங்கரங்களின் கல்லறை, என்று சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். டன்ஜன் இதழ் 2004இல் வெளியிட்ட தலைசிறந்த 30 சாகசங்களின் வரிசையில் அதற்கு மூன்றாம் இடம். அதே சாகசத்தை 'ஆட்டமே இல்லை, கொலைக்களம்' என்று வெறுப்பவர்களும் ஏராளம்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் இடத்தையும் ஆபத்தையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், பகடை உருட்டுவார்கள். சாகசம் என்பது மாஸ்டருக்காக அச்சிடப்படும் புத்தகம்.

கல்லறையை எழுதியவர், ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ். 1975இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக எழுதினார். டிஎஸ்ஆர் நிறுவனம் 1978இல் அதைப் புத்தகமாக்கியது. சண்டையிட அரக்கர்கள் அதில் மிகக் குறைவு. பொறிகள்தான் எல்லாம். மலைக்குள் நுழையும் வழிகளிலேயே இரண்டு பொய் வழி!

எல்லோரும் பேசுவது அந்தப் பச்சைப் பிசாசு முகத்தைப் பற்றி. வண்ண ஓவியங்கள் நிறைந்த நடைபாதை. அதன் கோடியில் சுவரில் புடைத்து நிற்கும் முகம், திறந்த வாய், உள்ளே கும்மிருட்டு. உள்ளே நுழைந்தவர் அந்தக் கணமே இல்லாமல் போவார். தப்பிக்கப் பகடை வாய்ப்பும் கிடையாது. அநியாயம் என்று கத்தத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் அதே நடைபாதைத் தரையில் சிவப்புக் கல் பதித்த ஒரு பாதை வளைந்து வளைந்து போகிறது. நின்று உற்றுப் பார்த்தால் அதில் எழுத்துகள் தெரியும். கல்லறைக்குச் சொந்தக்காரனான அசெரெராக் விட்டுச்சென்ற விடுகதை அது. முடிந்தால் பச்சையை விலக்கு என்று அதிலேயே இருக்கிறது! ஒரு கம்பை வாய்க்குள் நீட்டிப் பார்த்திருந்தாலும் போதும், நீட்டிய நுனி திரும்பி வந்திருக்காது. இங்கே சோதிக்கப்படுவது பாத்திரத்தின் பலமா? இல்லை. மேசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நிதானம். இதைத்தான் நான் ரசிக்கிறேன்.

அப்படியானால் கோபம் எங்கிருந்து வந்தது? போட்டியில் கையில் கிடைப்பது ஒரு தயார் பாத்திரம். செத்தால் ஒரு மாலைப் பொழுதோடு போயிற்று. புத்தகத்தின் பின்பகுதியிலும் அந்தத் தயார் பாத்திரங்களின் பட்டியல் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆடியவர்கள் பல வருடம் வளர்த்த, பெயரும் கதையும் உள்ள பாத்திரத்தை உள்ளே அனுப்பினார்கள். அது ஒரு நொடியில் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சண்டையையே விரும்பும் குழுவுக்கு இது பிடிக்காது என்று கைகாக்ஸ் புத்தகத்திலேயே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை மாஸ்டர் படிப்பார், ஆட வருகிறவர் படிப்பதில்லையே.

வெறுப்பவர்கள் பக்கம் முழு நியாயமும் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது கடைசி அறை. அங்கே இருப்பது அசெரெராக்கின் மண்டையோடு. தொட்டால் ஆன்மாவையே உறிஞ்சிவிடும். ஒருசில மந்திரங்களும் ஆயுதங்களும்தான் அதைக் காயப்படுத்தும். எவை என்று ஊகிக்க உள்ளே ஒரு தடயமாவது உண்டா என்று தேடினேன், எனக்கு அகப்படவில்லை. பச்சை முகத்துக்கு எச்சரிக்கை வைத்தவர் இங்கே வைக்காதது பெரிய குறை.

2017இல் 'டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல்' தொகுப்பில் இந்தச் சாகசம் புதிய விதிகளோடு மறுபடி வந்திருக்கிறது. நடத்த நினைப்பவர்கள் தயார் பாத்திரங்களையே கொடுங்கள். இது உயிர் தப்புவது அரிதான ஆட்டம் என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். பழைய பதிப்போடு வந்த ஓவிய ஏட்டையும் தேடிப் பிடியுங்கள். பாத்திரங்கள் காண்பதை ஆடுகிறவர்களுக்கு அப்படியே காட்டுவதற்காக வரைந்த படங்கள் அவை. அவற்றைச் சுற்றி நாலு தலைகள் குனிந்து, பொறி எங்கே என்று வாதாடத் தொடங்கும்போதுதான் கல்லறை அதன் முழு அழகில் இருக்கிறது.