ஏர்வாடி: சட்டம் இருந்தது, எட்டிப் பார்த்தவர் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். பெரும்பாலோரின் கால்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தன. 28 பேர் மாண்டுபோனார்கள். செய்தித்தாள்களைப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாநில அரசு நீதிபதி ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. காப்பக உரிமையாளரும் உறவினர்களும் 2007-இல் ஏழாண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள்.

ஏர்வாடி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சங்கிலி. சங்கிலி குற்றம்தான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் சங்கிலியோடு நிறுத்திக்கொண்டால், சங்கிலி இல்லாத காப்பகமெல்லாம் நல்ல காப்பகம் என்றாகிவிடும். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறையும் சங்கிலிதான். பகல் முழுக்கத் தூங்கவைக்கும் அளவுக்கு மாத்திரை கொடுப்பதும் சங்கிலிதான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனநலச் சட்டம் 1987-இலேயே வந்துவிட்டது. 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாமல் மனநல இல்லம் நடத்தக் கூடாது, ஆய்வு அதிகாரி வந்து பார்க்க வேண்டும், நோயாளியைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று மூன்றும் அதில் எழுதியிருந்தது. தீப்பிடித்தபோது சட்டத்துக்கு வயது எட்டு. அந்தக் காப்பகங்கள் ஒளிந்தும் இருக்கவில்லை. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஏர்வாடி தர்காவைச் சுற்றியே இருந்தன. பக்தர்கள் பார்த்தார்கள், உறவினர்கள் மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். எல்லோர் கண்ணுக்கும் பழகிப்போனதால் எவருக்கும் அது புகாராகத் தெரியவில்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட சம்பவத்தை விசாரிக்கும்போது "யார் செய்தது?" என்பது காவல்துறையின் கேள்வியாக இருக்கட்டும். பாதுகாப்பைச் சீராய்வு செய்பவர், அதாவது இனி இப்படி நடக்காமலிருக்க எங்கே தவறியது என்று ஆராய்பவர், கேட்கும் கேள்வி வேறு: "அன்றைக்கு இது எப்படி இத்தனை பேருக்கு இயல்பாகத் தெரிந்தது?" இந்த இரண்டையும் ஒரே அறையில் ஒரே அதிகாரி விசாரித்தால் ஊழியர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டையும் பிரித்துத்தான் நடத்த வேண்டும்.

நல்ல சீராய்வு காலவரிசையில் தொடங்கும். காப்பகம், மருத்துவமனை, காவல் நிலையம், வருவாய்த்துறை, குடும்பம் என்று ஆளுக்கொரு பத்தி போட்டு, ஒரே தாளில் தேதி வாரியாக எழுத வேண்டும். அப்போது ஒன்று கண்ணில் படும்: ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு துண்டு தெரிந்திருக்கிறது, முழுவதும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருத்துவமனைக்குக் காலில் புண் தெரியும். காவல் நிலையத்துக்கு ஒருவர் தப்பியோடியது தெரியும். குடும்பத்துக்கு மூன்று முறை பார்க்க விடாமல் திருப்பி அனுப்பியது தெரியும். சேர்த்துப் படித்தவர் இல்லை. பெரும்பாலான விசாரணைகள் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு: மேலாளரிடம் இரண்டு மணி நேரம் பேசுவார்கள், இரவுக் காவலாளியிடம் பத்து நிமிடம்கூடப் பேச மாட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களிடம் பேசுவதோ அபூர்வம். 'அவருக்கு மனநிலை சரியில்லையே' என்று ஒதுக்கிவிடுவார்கள். யார் எப்போது அடித்தார், சாப்பாடு எத்தனை மணிக்கு வரும், சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

பரிந்துரை எழுதும்போது "பணியாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும்" என்று ஒரு வரி கட்டாயம் வரும். என்னைக் கேட்டால் அந்த வரியைத் தடையே செய்யலாம். நிறைவேறியதா இல்லையா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாத பரிந்துரை, பரிந்துரையே அல்ல. "இரவுப் பணியில் இருக்கும் ஆட்களை மட்டும் வைத்து, இரவு நேரத்திலேயே, எல்லோரையும் வெளியேற்றிப் பார்த்து, ஆன நிமிடத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்" என்று எழுதினால் சரிபார்க்கலாம். பகலில் எல்லா ஊழியரும் இருக்கும்போது நடத்தும் தீயணைப்பு ஒத்திகை புகைப்படத்துக்குத்தான் ஆகும்.

ஆய்வுக்குப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? வாசலில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. முதலில் சேர்க்கைப் பதிவேடு. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து வீடு திரும்பியவர்களையும் இறந்தவர்களையும் வேறிடம் மாற்றப்பட்டவர்களையும் கழியுங்கள். வருகிற எண்ணும் கண்முன் இருக்கும் தலைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் அன்றே கேள்வி கேட்க வேண்டும். "வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தால், அந்த ஊருக்கு அங்கிருந்தே பேசி, அந்த நபரின் குரலைக் கேட்க வேண்டும்.

அடுத்தது மருந்துக் கணக்கு. ஒருவருக்கு நாளைக்கு இரண்டு மாத்திரை என்றால் முப்பது நாளைக்கு அறுபது. நாற்பது பேருக்கு 2,400. வாங்கிய ரசீதில் அறுநூறுதான் இருந்தால் சிகிச்சை நடக்கவில்லை. ஐயாயிரம் இருந்தால் மருந்தைக் கொண்டு மடக்கி வைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். எடைப் பதிவேட்டையும் விடாதீர்கள். ஒரே மாதத்தில் உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பிறகு ஆளைப் பாருங்கள். கணுக்காலைச் சுற்றி வளையம் போல் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா, குதிகாலிலும் இடுப்புக்குப் பின்னாலும் படுக்கைப் புண் உண்டா, நகம் வெட்டப்பட்டிருக்கிறதா. நகத்தைக் கவனிக்காத இடத்தில் வேறெதையும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95-ஆவது பிரிவு அடியோடு தடை செய்கிறது. கட்டிவைப்பதைப் பற்றிப் பேசும் 97-ஆவது பிரிவு இன்னும் நுணுக்கமானது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ கூடாது. எந்த முறையில், எதற்காக, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மாதந்தோறும் அறிக்கை போக வேண்டும். ஆகவே அந்த மாத அறிக்கையைக் கேளுங்கள். நூறு பேர் இருக்கும் இல்லத்தில் ஆண்டு முழுக்க 'ஒன்றுமில்லை' என்றே அறிக்கை போயிருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் ஒருமுறை இரவில் போய்ப் பாருங்கள்.

ஏர்வாடியிலிருந்து சரியாக எடுத்துக்கொள்ளாத இன்னொரு விஷயம், மூடுவது. தீ விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பராமரிப்புக்கு வந்தார்கள். மூடியது தேவைதான். ஆனால் மூடும் நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் வேண்டும்: பெயர், அடையாளம், சாப்பிடும் மருந்து, உறவினர், போகும் இடம், முப்பது நாள் கழித்து நேரில் போய்ப் பார்க்கப்போகும் அலுவலரின் பெயர். அந்தத் தாள் இல்லாவிட்டால் கொடுமை வேறு கூரைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். உரிமம் இல்லாத இல்லங்களை மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 பிப்ரவரியில் உத்தரவிட்டது. இருந்தும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. அங்கே சேர்க்கப்பட்டுக் காணாமல்போன ஒருவரைத் தேடி நீதிமன்றத்தில் மனுப் போட்ட பிறகுதான் அது வெளியே வந்தது.

காப்பகம் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் இது நடக்கிறது. மனநோய் உள்ளவரை வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள், கவனிக்காமல் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் உடனே நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது 101-ஆவது பிரிவு. தகவல் தர நீங்கள் உறவினராக இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான குடும்பங்கள் கட்டிவைப்பது வன்மத்தால் அல்ல, இரவெல்லாம் விழித்த களைப்பால். அவர்களுக்கு முதலில் 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணைக் கொடுங்கள்; கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம். முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567.

காப்பகத்தின் மீது புகார் கொடுக்கிறவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பார்த்த தேதி, நேரம், எந்த அறை, எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது என்று எழுதுங்கள். 'கொடுமை நடக்கிறது' என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதையும் தேட முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நகலை மாநில மனநல ஆணையத்துக்குப் விரைவுத் தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதை அந்த மனு நகலோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.