ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு பேக்கப்

நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, உலகின் பல பெரிய வங்கிகளில் அந்தக் கணக்கைக் கழிப்பது மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிதான். அந்த ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாக்கிய நூற்றுக்கணக்கான கணினிகளைத் தனித்தனியாக ஓட்டலாம். 1972-லேயே ஐபிஎம் இதை விஎம்/370 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் இன்றைய வாரிசு இசட்/விஎம். உள்ளே ஓடுகிற கணினியை நாங்கள் ‘கெஸ்ட்’ என்போம்.

பேக்கப் எடுக்க டிடிஆர் என்று ஒரு பழைய கருவி உண்டு. டிஸ்க்கில் இருப்பதை ட்ராக் ட்ராக்காக, அதாவது வட்டம் வட்டமாக, அப்படியே டேப்பில் இறக்கிவிடும். அருமையான கருவி. ஆனால் ஓடுகிற லினக்ஸ் கெஸ்ட்டை வெளியிலிருந்து இப்படிப் படியெடுத்தால் அதை நம்ப முடியாது. லினக்ஸ் எல்லாவற்றையும் உடனே டிஸ்க்கில் எழுதிவிடாது. கொஞ்ச நேரம் மெமரியிலேயே வைத்திருக்கும். மளிகைக்கடை அண்ணாச்சி மனதில் வைத்திருக்கிற கடன் பாக்கி, பேரேட்டை நகலெடுத்தால் வருமா?

ஓர் இடத்தில் டேட்டாபேஸ் கெஸ்ட் ஒன்று விழுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அதன் ஃபைல் சிஸ்டம், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் எல்விஎம் மூலம் பல டிஸ்க்குகளில் பரவிக் கிடந்தது. ராத்திரி வேலை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக டேப்பில் இறக்கியிருக்கிறது. முதல் டிஸ்க்கை எடுத்த நேரம் வேறு, கடைசி டிஸ்க்கை எடுத்த நேரம் வேறு. இடையில் கெஸ்ட் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. லாக்கைத் திறந்தால் ஒவ்வொரு ராத்திரியும் ‘எண்ட் ஆஃப் டம்ப்’, ஒரு பிழைகூட இல்லை. டேப்பிலிருந்து மீட்டோம்; ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகவில்லை, அதாவது லினக்ஸால் அதைத் திறக்க முடியவில்லை. டிடிஆர் சொன்னது பொய்யில்லை. ட்ராக்குகளைப் படியெடுத்தேன் என்றது, படியெடுத்திருந்தது. அவை ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், ஓடும்போது வெளியிலிருந்து எடுத்ததை நம்பாதீர்கள். முடிந்தால் கெஸ்ட்டை நிறுத்திவிட்டு எடுங்கள். நிறுத்தவே முடியாதா? சரி, டேட்டாபேஸை பேக்கப் நிலைக்குக் கொண்டுபோய், எஃப்எஸ்ஃப்ரீஸ் என்ற லினக்ஸ் கட்டளையால் டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்தி, எல்லா டிஸ்க்குகளுக்கும் சேர்த்து ஃப்ளாஷ்காப்பி, அதாவது டிஸ்க் கருவியே எடுக்கும் உடனடி நகல், கொடுங்கள். சில நொடி போதும். அப்புறம் கெஸ்ட்டை அதன் வேலைக்கு விட்டுவிட்டு, அந்த நகலிலிருந்து நிதானமாக டேப்புக்கு இறக்கலாம். தனித்தனி ஃபைல்களை மீட்க, கெஸ்ட்டுக்கு உள்ளிருந்தும் ஒரு பேக்கப் வேண்டும்.

நேரமாகிவிட்டது என்கிறார்கள். இரண்டே விஷயம். கெஸ்ட்டுகளின் விவரங்களை இசட்/விஎம் வைத்திருக்கும் யூசர் டைரக்டரியின் நகலை வேறிடத்தில் வையுங்கள்; கெஸ்ட்டுக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதியான எந்த மினிடிஸ்க், டிஸ்க்கின் எந்த சிலிண்டரில் தொடங்குகிறது என்பது அதில்தான் இருக்கிறது. அச்சுக்கும் அனுப்புவதற்கும் வரிசையில் காத்திருக்கும் ஸ்பூல் ஃபைல்களை டேப்பில் இறக்க எஸ்பிஎக்ஸ்டேப் என்ற கட்டளை இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.